ஒரே நாற்காலி: கல்வெட்டாளரா, ஸ்தபதியா?

தமிழ்நாட்டில் பழம்பெரும் கட்டடங்களைக் காப்பதற்கான பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே நிறைவேறிவிட்டது. அந்த மாதிரி ஆணையத்தில் எங்கள் நெல்லைச் சீமைக்கு ஒரே ஒரு நாற்காலி என்றால் யாரை உட்கார வைக்கலாம்?

கோயில் கட்டும் சிற்பக் கலைஞரான பரம்பரை ஸ்தபதி, கல்லை லேசாகத் தட்டி, சத்தத்தை வைத்தே உள்விரிசலைச் சொல்லிவிடுவார். சுண்ணாம்போடு கடுக்காயும் கருப்பட்டியும் சேரும் பக்குவம் அவர் கைக்குத்தான் தெரியும். பட்டச் சான்றிதழ் கேட்டால்தான் திண்டாட்டம்.

கல்வெட்டுகளைப் படித்துச் சொல்லும் கல்வெட்டாளரிடம் பட்டம் இருக்கும். அது மட்டும் போதாது, வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தும் வாசிக்க வர வேண்டும். பாண்டிய நாட்டுப் பழைய கல்வெட்டுகள் பல அந்த எழுத்தில்தான். ஈரத்தாளைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் அடித்து, மை ஒற்றினால், வெறுங்கண்ணுக்குத் தட்டுப்படாத வரிகூட எழுந்து வரும்.

என் ஓட்டு கல்வெட்டாளருக்கே. காரணம் சொந்த வயிற்றெரிச்சல். பக்கத்து ஊர்க் கோயில் திருப்பணியில் மெஷினால் மணலைப் பீய்ச்சியடித்துச் சுவரைப் பளபளப்பாக்கினார்கள். மறுநாள் தடவிப் பார்த்தேன். நீளமான கல்வெட்டில் தொடக்க மங்கலச் சொல்லான 'ஸ்வஸ்திஸ்ரீ' மட்டும் மிச்சம். ஊரோ 'கோயில் புதுசு மாதிரி ஆயிட்டுல்லா' என்று பூரித்தது.

ஸ்தபதியை வேலை நடக்கும் இடத்துக்கு எப்போதும் கூப்பிட்டுக்கொள்ளலாம். 'மெஷினை நிறுத்துங்க' என்று மேலேயிருந்து உத்தரவு போட, அந்தச் சுவரைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும்.