சுங்கை சிப்புட் காட்டோரக் கலைப் பட்டறை: பிள்ளைகளை அனுப்பலாமா?

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், பால்மரக்காடு (ரப்பர் தோட்டம்) முடிந்து மலையடிவாரம் தொடங்கும் இடத்தில், சமூகக் கலைக் குழு ஒன்று சனிக்கிழமை காலைகளில் சிறுவர்களுக்கான பட்டறையை நடத்தி வருகிறது. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகள் அதில் ஒரு பருவம் கலந்துகொண்டாள். பெற்றோரும் உடனிருக்கலாம் என்பதால் நானும் அருகிலிருந்து பார்த்தேன். கட்டணம் பருவத்திற்கு 40 வெள்ளி (ரிங்கிட்). தாள், வண்ணம், தேநீர், பலகாரம் எல்லாம் அதில் அடக்கம். டியூஷனுக்கு மாதாமாதம் கட்டுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் பட்டறையின் தரம் ஒரே சீராக இல்லை: பிள்ளைகளை நின்று பார்க்க வைக்கும் நாளில் மிகச் சிறப்பாக இருக்கிறது, கையில் ஏதாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைக்கும் நாளில் சாதாரணமாகிவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மரப்பட்டைப் பதிவு. மரத்தின் மேல் மெல்லிய தாளை விரித்து, மெழுகு வண்ணக் குச்சியைப் படுக்க வைத்துத் தேய்த்தால், பட்டையின் மேடுபள்ளங்கள் தாளில் எழுந்து வருகின்றன. மாக்ஸ் எர்ன்ஸ்ட் என்ற ஓவியர் 1925இல் தரைப்பலகைகளின் மேல் தாளை வைத்துத் தேய்த்து இந்த முறையைத் தம் கலையாக்கிக்கொண்டார். பயிற்றுநர் அந்த வரலாற்றுக்குள் போகாமல் பிள்ளைகளை நேரே மரத்தடிக்கு அழைத்துச் சென்றது நல்ல முடிவு. முதலில் ஒரு பழைய பால்மரம். இடப்புறம் உயர்ந்து வலப்புறம் சரிந்து இறங்கும் வெட்டுகளும், கத்தி ஆழமாகப் பட்ட இடத்தில் பட்டை முண்டுமுண்டாகப் புடைத்திருப்பதும், பால் வடியும் கிண்ணமான மங்கைத் தாங்கிய கம்பி அழுத்திய தடமும் சிவப்பு மெழுகில் அப்படியே பதிந்தன. அடுத்து, யாரும் கத்தி வைக்காத ஒரு காட்டு மரம். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, எதில் மனிதர் கை பட்டிருக்கிறது என்று மட்டும் அவர் கேட்டார். தங்கள் பாட்டி பால் வெட்டியதைப் பற்றிப் பிள்ளைகள் ஒருவரை முந்திக்கொண்டு ஒருவர் பேசத் தொடங்க, அவர் குறுக்கிடவே இல்லை. 1877இல் அருகிலுள்ள கோல கங்சாரில் ஒன்பது ரப்பர் கன்றுகள் நடப்பட்டதையும், அந்தப் பழைய மரங்களுள் ஒன்று அந்நகரில் இன்றும் நிற்பதையும் அந்தப் பேச்சு ஓய்ந்த பிறகே சொன்னார்.

ரெசாம் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் பெரணியின் காய்ந்த தண்டைச் சாய்வாகச் சீவிப் பேனாவாக்கும் பயிற்சியும் நன்றாக இருந்தது. இலையடியில் வெள்ளைப் பொடி படிந்த இன்னொரு பெரணியைப் புறங்கையில் அழுத்தி எடுத்தால், இலையின் உருவம் நரம்பு தவறாமல் பதிகிறது. என் சிறுவயதில் தோட்டத்து மேட்டில் நாங்கள் விளையாடியதை இப்போது கட்டணம் கட்டிக் கற்றுக்கொள்கிறார்கள் என்று பக்கத்திலிருந்த ஒரு அம்மா சிரித்தார். குருவிங் மரத்தின் இரண்டு இறக்கை கொண்ட காய் சுழன்று விழும் பாதையை ஒரே கோட்டில் வரையச் சொன்னதும் அருமையான பாடம். இந்த இன மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் பூத்துக் காய்ப்பதால், பெட்டியில் உலர்த்தி வைத்த காய்களைப் பயன்படுத்தியதைக் குறை சொல்ல மாட்டேன்.

குறை சொல்ல வேண்டியது கடைசி இரண்டு வாரங்களை. காகிதத் தட்டு, மினுமினுப்புத் தூள், பசை ஆகியவற்றைக் கொண்டு பறவை முகமூடி செய்யச் சொன்னார்கள். இதற்கு மலையடிவாரம் வரை வர வேண்டிய அவசியம் இல்லை. பள்ளி மண்டபமே போதும். அந்தத் தூள் புல்லில் கொட்டியதை யாரும் பொருட்படுத்தவும் இல்லை. ஆதரவாளர்களுக்காகப் படம் எடுப்பதிலும் கணிசமான நேரம் போனது. விளம்பரத் தாளில் ‘காட்டுக்குள் பயணம்’ என்று போட்டிருந்தாலும், பட்டறை காட்டோரத்தைத் தாண்டுவதில்லை. காப்புக் காட்டுக்குள் செல்ல மாநில வனத்துறையின் பெர்மிட் வேண்டும் என்பது உண்மைதான்; அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்திருக்கலாம், அல்லது விளம்பரத்தையாவது திருத்தியிருக்கலாம்.

இதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறொன்று. சுங்கை சிப்புட்டுக்கு மேலே உள்ள மலைக் கிராமங்களில் தெமியார் என்னும் பூர்வகுடி மக்கள் வாழ்கிறார்கள். இந்தக் காட்டை அவர்களைவிட நன்கு அறிந்தவர்கள் கிடையாது. மெங்குவாங் என்னும் தாழை வகையின் ஓலையைச் சீவிப் பாய் முடையும் பெரியவர் ஒருவரை, உரிய சம்பளம் கொடுத்து ஒரு காலைப் பொழுதுக்கு அழைத்திருந்தால், அந்த முகமூடி வாரங்கள் இரண்டும் வேறு மாதிரி அமைந்திருக்கும். அடுத்த பருவத்தில் இதைச் செய்வார்களானால் கட்டணத்தை உயர்த்தினாலும் தரலாம்.

எட்டு வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கே இது பொருந்தும். சிறியவர்கள் பெரணிக்குப் பிறகு சலித்துப்போகிறார்கள். முழங்கால் வரை காலுறை அணிவித்து அனுப்புங்கள்; அட்டை கடித்தால் எடுத்துவிட ஆள் இருக்கிறார், ஆனால் ஒருவர்தான். அக்டோபர், நவம்பர் மாதங்களில் இடிமழை பிடித்துக்கொண்டால் ஒதுங்க ஒரு கூடாரம் மட்டுமே உண்டு என்பதால், மாற்றுச் சட்டை ஒன்றையும் பையில் வைக்க வேண்டும். தோட்டத்து லயக் குடியிருப்புகளிலிருந்து பட்டறை இடத்துக்குப் பேருந்து வசதி இல்லை. வண்டி இல்லாத குடும்பங்கள் பதிவின்போதே சொன்னால், உடன் வரும் பெற்றோரின் காரில் இடம் ஏற்பாடு செய்து தருகிறார்கள்.