பனித்தட்டின் அடியில் நடப்பதைக் கணக்கிட: எம்.ஐ.டி.ஜி.சி.எம் மென்பொருள் விமர்சனம்

அண்டார்டிக் பனி உருகுவதைச் செய்தியில் படிப்பதோடு நிற்காமல் தானே கணக்குப் போட்டுப் பார்க்க நினைக்கும் இயற்பியல், பொறியியல் மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எம்.ஐ.டி.ஜி.சி.எம் தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி) பிறந்த கடல் மாதிரி இது, அதாவது கடல்நீரின் ஓட்டத்தையும் வெப்பத்தையும் கணினியில் கணக்கிடும் நிரல். முழுக்க இலவசம், மூல நிரல் கிட்ஹப்பில் கிடைக்கிறது, லினக்ஸும், ஃபோர்ட்ரான் மொழி நிரலை ஓடும் வடிவுக்கு மாற்றும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலரும் இருந்தால் போதும். நாசாவின் எக்கோ திட்டம் உலகக் கடல்களின் நிலையைக் கணக்கிடப் பயன்படுத்துவதும் இதே நிரல்தான்.

இறக்கியதும் நேராக, தயார் சோதனைகள் இருக்கும் வெரிஃபிகேஷன் ஃபோல்டருக்குள் போய் ஐசோமிப் சோதனையை ஓட்டுங்கள்; பனித்தட்டுக்கு அடியிலுள்ள கடலைக் கணக்கிடும் மாதிரிகளை ஒப்பிட வகுத்த பொதுச் சோதனை அது. என்னைக் கேட்டால் இந்த மென்பொருளின் பெரிய சொத்தே இதுதான். 900 மீட்டர் ஆழமுள்ள ஒரு கற்பனைக் கடல், அதன் தென்பகுதியை மிதக்கும் பனித்தட்டு மூடியிருக்கிறது. பனியின் அடிப்பரப்பு தெற்குக் கோடியில் 700 மீட்டர் ஆழத்தில் தொடங்கி வெளிப்பக்கம் 200 மீட்டர் வரை ஏறி வருகிறது. மேலிருந்து கீழாக 30 அடுக்குகள்தான், லேப்டாப்பிலேயே ஓடும். தொடக்கத்தில் தண்ணீர் முழுவதும் மைனஸ் 1.9 டிகிரி, அதாவது கடற்பரப்பில் உறையும் நிலையில் இருக்கும் தண்ணீர். அது எப்படிப் பனியை உருக்கும்? அழுத்தம் கூடக்கூட உறைநிலை இறங்கும், 700 மீட்டர் ஆழத்தில் அது சுமார் மைனஸ் 2.4 ஆகிவிடும், ஆகவே அங்கே இந்தக் குளிர்நீரே பனியை உருக்கும் அளவுக்குச் சூடானது! உருகிய நன்னீர் கலந்த தண்ணீர் லேசாக இருப்பதால் பனியின் அடியை ஒட்டியே மேலே ஏறி, அழுத்தம் குறைந்த இடத்தில் மறுபடி உறைகிறது. உருகும் இடம், உறையும் இடம் இரண்டையும் நீங்களே வரைபடமாகப் போட்டுப் பார்க்கும்போது விஷயம் மனதில் அப்படியே பதிந்துவிடும்.

சரி, குறைகள். பனிக்குத் தண்ணீரிலிருந்து வெப்பம் போகும் வேகம் இயல்பு அமைப்பில் ஒரே மாறிலிதான், நொடிக்கு 0.0001 மீட்டர். நீரோட்டம் வேகமாக ஓடினாலும் தேங்கி நின்றாலும் அதே எண். மேற்கு அண்டார்டிக்காவின் பைன் ஐலண்ட் பனியாறு மாதிரி, 1 டிகிரிக்கும் மேலான ஆழ்கடல் நீர் அடியில் புகும் இடத்துக்கு இதை அப்படியே வைத்து ஓட்டினால் எந்த மூலையில் அதிகம் உருகுகிறது என்பதே மாறிப்போகும். நீரோட்ட வேகத்தைக் கணக்கில் எடுக்கும் வசதி உள்ளேயே இருக்கிறது, ஆனால் அதை நீங்கள்தான் இயக்க வேண்டும், தயவுசெய்து இயக்குங்கள். அடுத்தது, சாய்வான பனி அடிப்பரப்பை இது படிக்கட்டாக வெட்டித்தான் கையாள்கிறது, அதனால் உருகும் அளவில் திட்டுத்திட்டாக இரைச்சல் வரும்; பனியை ஒட்டிய எல்லை அடுக்கைச் சராசரி எடுக்கும் தேர்வைப் போட்டால் நிறையக் குறையும். பனித்தட்டின் வடிவமும் இயல்பாக மாறாது, பனி நகர்வதற்கு ஸ்ட்ரீம்ஐஸ் என்று தனித் தொகுப்பு இருக்கிறது.

அப்புறம், இதில் சொடுக்க பட்டன் எதுவும் கிடையாது. எல்லாமே எழுத்துக் கோப்புகள், கட்டங்களின் எண்ணிக்கையை மாற்றினால் மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். ஃபோர்ட்ரானைக் கண்டாலே ஓடுகிறவர்களுக்கு இது சரிப்படாது. ஆனால் கையேடு அருமை, சமன்பாடும் அதற்கான அளவுருவின் பெயரும் பக்கத்திலேயே இருக்கும்.

ஐசோமிப் ஓடிவிட்டதா? அடுத்து டேட்டா கோப்பில் கீழ் அடுக்குகளை 1 டிகிரிக்கு ஏற்றிப் பாருங்கள். வெப்பத்தை மட்டும் ஏற்றினால் அடிநீர் லேசாகி மேலே கிளம்பிவிடும், அதனால் அந்த அடுக்குகளின் உப்பளவையும் (கிலோ நீருக்கு இத்தனை கிராம் என்ற கணக்கில்) 34.4-லிருந்து 34.7 ஆக்குங்கள்.