சைகையோடு தொடங்குவதா, காது மெஷினை மட்டும் நம்புவதா?

எங்கள் மகளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை என்று உறுதியானபோது அவளுக்கு 3 மாதம். மெஷின் மாட்டுங்கள், பேச்சுப் பயிற்சி கொடுங்கள், சைகை பக்கம் போனால் பேச்சு வராது என்றுதான் பலரும் சொன்னார்கள். நாங்கள் மெஷினும் மாட்டினோம், சைகை மொழியும் கற்றுக்கொண்டோம். இப்போது அவளுக்கு 3 வயது. என் சாய்வு சைகையோடு தொடங்கும் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

பேச்சு மட்டும் என்ற வழியின் பலம் எல்லோருக்கும் தெரிந்தது. வீட்டில் பேசும் மொழி அது, யாரும் புதிதாக எதையும் படிக்க வேண்டாம். காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சை செய்து உள்காதில் பொருத்தும் கேட்புக் கருவி) சீக்கிரம் வைத்து, பயிற்சியும் விடாமல் கிடைத்த குழந்தைகள் பலர் நன்றாகப் பேசுகிறார்கள். ஆனால் எந்தக் குழந்தைக்கு எவ்வளவு கைகொடுக்கும் என்று முன்கூட்டியே யாராலும் அறுதியிட முடியாது.

சைகையின் சுமை பெற்றோர் தலையில் விழுகிறது. காது கேளாத குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல், கேட்கும் பெற்றோருக்குத்தான் பிறக்கிறார்கள். நாங்களும் ஒன்றுமே தெரியாமல்தான் ஆரம்பித்தோம்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது காலம். இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை பெரும்பாலும் 9 மாதத்துக்கு மேல், ஒரு வயதை ஒட்டித்தான் நடக்கிறது. காயம் ஆறி, சில வாரம் கழித்துத்தான் கருவியை இயக்குவார்கள். அதற்கப்புறம் கேட்கும் ஒலி பொருளாக மாற மாதக்கணக்கில் ஆகும். எங்கள் மகள் மாட்டும் காது மெஷினிலும், அதாவது ஹியரிங் எய்டிலும், இடைவெளிகள் உண்டு. காது வளர வளர, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர் மோல்டு தளர்ந்து மெஷின் கீச்சென்று கத்தும், புதிது செய்ய வேண்டும். குளிக்கும்போது கழற்ற வேண்டும், தூங்கும்போது கழற்ற வேண்டும், கை எட்டினால் அவளே பிடுங்கி வாயில் வைப்பாள். 8 மாதத்தில் ஒரு நாள் கணக்குப் பார்த்தேன். விழித்திருந்த 10 மணி நேரத்தில் மெஷின் காதில் இருந்தது 5 மணி நேரம்கூட இல்லை. சைகை இல்லையென்றால் மீதி நேரம் மொழியே இல்லாமல் போயிருக்கும். குளிப்பாட்டும்போது ஈரக்கையால் 'தண்ணீர்', 'போதுமா' என்று சைகை காட்டினேன், அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கற்றுக்குட்டிப் பெற்றோரின் சைகை போதுமா என்ற பயம் எனக்கும் இருந்தது. 2021-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு தெம்பு கொடுத்தது. பெற்றோர் கேட்பவர்களாக இருந்தாலும், 6 மாதத்துக்குள் அமெரிக்க சைகை மொழியைப் பார்க்கத் தொடங்கிய குழந்தைகளின் சொல்வளம் வயதுக்கேற்ப வளர்ந்திருந்தது.

பேச்சு வராது என்றார்களே? 10 மாதத்தில் 'பால்' என்று சைகை செய்தவள், ஒன்றரை வயதில் அதே சைகையோடு 'பா' என்று வாயாலும் சொன்னாள். இது ஒரு குழந்தையின் கதைதான். இம்ப்ளான்ட் வைத்த குழந்தையை நான் வளர்த்ததில்லை, பள்ளிப் பாடம் படிக்கும் வயதையும் இன்னும் பார்க்கவில்லை.

புத்தகம் படிப்பதில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. முதலில் அவளை மடியில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். என் முகமும் கையும் அவளுக்குத் தெரியவில்லை, நாலு பக்கத்தில் நழுவிப் போய்விடுவாள். எங்களுக்குச் சைகை சொல்லிக்கொடுத்தவர் காது கேளாதவர், இரண்டு பிள்ளைகளின் தாய். அவர் மகளுக்கு எதிரே உட்கார்ந்து, புத்தகத்தைத் தன் மார்போடு சாய்த்து வைத்தார். அவள் படத்தைப் பார்த்து முடிக்கும்வரை கையை அசைக்கவே இல்லை. கண் நிமிர்ந்ததும் பூனைப் படத்தின் மேலேயே பூனை என்று சைகை செய்தார். பிறகு அச்சிட்ட சொல்லைத் தொட்டு, ஒவ்வோர் எழுத்தையும் விரல் சைகையால் காட்டி எழுத்துக்கூட்டி, மறுபடி அதே சைகை. நான் அதுவரை அவள் தாடையைத் தொட்டு என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தேன், அன்றோடு விட்டுவிட்டேன்.

இப்போது அவளே புத்தகத்தைத் தூக்கி வந்து எனக்கு எதிரே உட்காருகிறாள். பூனை வந்ததும் முதலில் கீழே இருக்கும் எழுத்தைத் தொடுகிறாள், அப்புறம்தான் சைகை.