மெக்ஆர்தர்-பேட்ஸ் மொழி வளர்ச்சிப் பட்டியல்: இரு மொழிக் குழந்தைக்கு ஒரு படிவம் போதுமா?

இரண்டு வயதுக் குழந்தையை எதிரே உட்காரவைத்து, படங்களைக் காட்டிப் பெயர் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. புது முகத்தைக் கண்டு வாயை மூடிக்கொள்ளும், அல்லது படத்தைப் பிடுங்கி எறியும். இந்த வயதினரைச் சோதிப்பதை விட்டுவிட்டு, நாள் முழுவதும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரையே முறைப்படி கேட்பது என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் மெக்ஆர்தர்-பேட்ஸ் தொடர்பாற்றல் வளர்ச்சிப் பட்டியல். எலிசபெத் பேட்ஸ், லாரி ஃபென்சன் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்க ஆங்கிலத்துக்காக உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 1993இலும், இரண்டாவது 2007இலும், மூன்றாவது 2023இலும் வெளிவந்தன. இன்று பல மொழிகளில் இதற்குத் தழுவல்கள் உள்ளன. ஒரே மொழி கேட்டு வளரும் குழந்தைக்கு இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். இரு மொழிக் குழந்தைக்குப் பரிந்துரைக்கும்போது சில நிபந்தனைகளையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

படிவங்கள் மூன்று. முதலாவது 8 முதல் 18 மாதக் குழந்தைகளுக்கானது. அதில் 396 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ‘புரிகிறது’, ‘புரிகிறது, சொல்கிறது’ என இரண்டு கட்டங்கள், கையசைப்பு, சுட்டிக்காட்டல் போன்றவற்றுக்குத் தனிப் பகுதி. இரண்டாவது 16 முதல் 30 மாதங்களுக்கானது. அதில் 680 சொற்கள் 22 தலைப்புகளில் அடுக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவது 37 மாதம் வரைக்கும் நீளும் சிறு படிவம். இவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இரண்டாவதுதான்.

அதன் அமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நல்லது. விலங்கொலிகள், வண்டியொலிகள் ஆகிய 12 உருப்படிகளோடு பட்டியல் தொடங்குகிறது. ‘குழந்தை ஒன்றுமே பேசுவதில்லை’ என்று சொல்லிக்கொண்டு வரும் பெற்றோர் பலர், மாட்டைக் கண்டால் ‘மா’ என்பதும் வண்டியை உருட்டும்போது ‘டுர்’ என்பதும் கணக்கில் வரும் என்று அறிந்ததும் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். அதன்பின் வரும் தலைப்புகளில் வினைச்சொற்கள் மட்டும் 103; இணைப்புச் சொற்களோ 6. உச்சரிப்பு கோணலாக இருந்தாலும் குழந்தை தானாகச் சொன்னால் குறிக்கலாம், நாம் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் மட்டும் குறிக்கக் கூடாது என்பது விதி. இந்த விதியைப் பெற்றோருக்கு வாயால் விளக்காமல் படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்பினால் எண்ணிக்கை ஊதிப்போகும். முழுவதையும் நிரப்ப ஏறத்தாழ அரை மணி நேரம் ஆகலாம்; தூக்கம் கெட்ட பெற்றோருக்கு அது கொஞ்சம் நீளம்தான். அதனால்தான் சுருக்கப் படிவங்களும் இருக்கின்றன.

விடையை ஒரு நூற்றுமானமாகப் பெறுகிறோம்: அதே வயதுடைய நூறு குழந்தைகளை வரிசைப்படுத்தினால் இந்தக் குழந்தை எங்கே நிற்கும் என்பது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அட்டவணை தனித்தனி. இந்தப் பட்டியலின் பெரிய கொடையே, இயல்பு என்பது எவ்வளவு அகலமானது என்று காட்டியதுதான். முதல் தரவுகளின்படி, 24 மாதத்தில் சராசரி ஏறத்தாழ 300 சொற்கள். மேலிருந்து பத்து சதவீதத்தினர் 500ஐத் தாண்டினார்கள். கடைசிப் பத்து சதவீதத்தினரிடம் 60கூட இல்லை. இந்த அகலத்தைப் பார்த்த பிறகு, பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டுக் கவலைப்படுவது எவ்வளவு பொருளற்றது என்பதைப் பெற்றோருக்கு விளக்க அதிகம் பேச வேண்டியதில்லை.

சிக்கல் இரண்டாவது மொழியில் தொடங்குகிறது. ஒரு மொழிப் படிவத்தை மட்டும் நிரப்பி, ஒரு மொழிக் குழந்தைகளின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் என்ன நடக்கும்? வீட்டில் ஒரு மொழி, பகல்நேரக் காப்பகத்தில் மற்றொரு மொழி கேட்கும் 24 மாதக் குழந்தை, காப்பக மொழியில் 50 சொற்களும் வீட்டு மொழியில் 130 சொற்களும் சொல்கிறது, அவற்றில் 30 பொருள்களுக்கு இரு மொழியிலும் சொல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காப்பக மொழிப் படிவம் மட்டும் கையில் இருந்தால் குழந்தை கடைசிப் பத்து சதவீதத்தில் விழுந்து, ‘பேச்சுத் தாமதம்’ என்ற முத்திரையோடு வெளியே வரும். இரண்டையும் கூட்டினால் 180. இரு மொழியிலும் உள்ள சொற்களை ஒருமுறை மட்டும் எண்ணினால் 150. இரண்டு எண்களுமே கவலைக்குரிய எல்லைக்கு வெகு மேலே இருக்கின்றன.

180, 150 ஆகிய இவ்விரண்டில் எதை எடுப்பது? பார்பரா பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் ஸ்பானிய-ஆங்கிலக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, பொருளுக்கு ஒன்றாக எண்ணும் முறையும் மொத்தக் கூட்டும் அறிமுகமாயின. வெகுகாலம் பொருளுக்கு ஒன்றாக எண்ணுவதே நியாயமானது என்று கருதப்பட்டது. 2013இல் சிந்தியா கோர், எரிக்கா ஹாஃப் முதலியோரின் ஆய்வு இரு மொழிக் குழந்தைகளை ஒரு மொழிக் குழந்தைகளோடு ஒப்பிட மொத்தக் கூட்டே பொருத்தமானது என்று முடிவு செய்தது. என் அனுபவமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களைக் கற்றது இரண்டு முறை செய்த வேலை. அதை ஒன்றாகக் குறைப்பது குழந்தையின் உழைப்பில் கைவைப்பதாகும்.

எண்ணுவதற்குள்ளேயே இன்னொரு இடறல் இருக்கிறது. தமிழ் வீட்டில் ‘பஸ்’, ‘கார்’, ‘ஃபேன்’ ஆகியவை எந்த மொழிப் படிவத்தில் சேரும்? குழந்தை ‘பா’ என்றால் அது பாலா, பந்தா, ஆங்கிலத்தின் ‘பால்’ என்ற பந்தா? படிவம் இதற்கு விடை சொல்வதில்லை. யாரிடம், எந்தச் சூழலில் சொன்னது என்று கேட்டு, ஓரத்தில் குறித்துவைப்பதுதான் வழி. வீட்டு மொழிப் படிவத்தைப் பெற்றோரும் காப்பக மொழிப் படிவத்தைக் காப்பகத்தில் பார்த்துக்கொள்பவரும் நிரப்ப வேண்டும். ஒருவரே இரண்டையும் நிரப்பினால் அவர் கேட்காத மொழி மெலிந்தே தெரியும். கூடவே, விழித்திருக்கும் நேரத்தில் எந்த மொழியை எவ்வளவு கேட்கிறது என்ற விவரமும் வேண்டும், ஏனெனில் ஒரு மொழியின் சொல்வளம் அந்த மொழியைக் கேட்கும் அளவோடு சேர்ந்தே வளர்கிறது.

ஆங்கிலப் படிவத்தை அப்படியே மொழிபெயர்த்து வழங்குவதைப் பார்த்திருக்கிறேன். அது வீண் வேலை. பன்மை விகுதி போன்றவற்றைச் சோதிக்கும் இலக்கணப் பகுதி, வினைமுற்றில் திணை, பால், எண், இடம் காட்டும் மொழிக்கு எப்படிப் பொருந்தும்? சொற்களும் அப்படியே, ஒரு மொழியில் எளிதாக முதலில் வருவது மற்றொன்றில் தாமதமாக வரலாம். தழுவல் என்றால் அந்த மொழிக் குழந்தைகளிடமிருந்து புதிதாகச் சேகரித்து அமைப்பது என்றே இப்பட்டியலின் உரிமையாளர்களும் வலியுறுத்துகிறார்கள்.

மூன்று வயதைத் தாண்டியதும் இந்தப் பட்டியல் ஓய்ந்துவிடுகிறது. அங்கிருந்து, 2009 முதல் 2013 வரை ஐரோப்பாவில் நடந்த கூட்டு ஆய்வில் உருவான ‘மெய்ன்’ என்ற கதை சொல்லும் கருவியைச் சேர்த்துக்கொள்வேன். ஆறு படங்கள் கொண்ட கதைகள். குழந்தை இரு மொழியிலும் வெவ்வேறு நாளில் வெவ்வேறு கதை சொல்லலாம். பாத்திரத்தின் நோக்கம், முயற்சி, விளைவு ஆகியவற்றைக் குழந்தை கோத்துச் சொல்கிறதா என்று பார்ப்பதால், ஒரு மொழியில் சொல் குறைவாக இருந்தாலும் கதையின் எலும்புக்கூடு தெரிந்துவிடும். பதிவு செய்தால் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் குழந்தை சொல்வதைப் பதிவுசெய்து, எழுதி எடுத்து, மதிப்பெண் போட நேரம் நிறைய ஆகும். அவசரத்தில் இருப்பவருக்கு உதவாது.

உண்மையான மொழிக் குறைபாடு இருந்தால் அது குழந்தை கேட்டு வளரும் இரு மொழியிலும் வெளிப்படும். இரண்டும் மெலிந்திருந்தால் முதலில் காதைச் சோதித்துவிட்டு, பேச்சு மொழி வல்லுநரிடம் அனுப்புவது உறுதி; ஒன்று மட்டும் மெலிந்திருந்தால் சில மாதங்கள் கழித்து இரு படிவங்களையும் மறுபடி நிரப்பச் சொல்வேன். வீட்டு மொழியை நிறுத்திவிடுங்கள் என்ற ஆலோசனையை நான் எந்த எண்ணை வைத்தும் சொல்வதில்லை.