குளிர்காலத்துக்கு எந்த டிரெய்னர்? முதலில், போன சீசனில் எங்கே பின்தங்கினீர்கள்?

சீசன் முடிந்து குளிர் இறங்கியதும் அமெச்சூர் சைக்கிள் பந்தய வீரர்களிடையே ஒரே பேச்சுதான்: வீட்டுக்குள்ளேயே சைக்கிள் மிதிக்க எந்த டிரெய்னர்? ரோலரா, பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி வைக்கும் வீல்-ஆன் டிரெய்னரா, பின்சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டும் டைரக்ட் டிரைவா? மூன்றிலும் குளிர்காலங்களைக் கழித்திருக்கிறேன். இதற்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. போன சீசனில் கூட்டத்தை விட்டு எந்த இடத்தில் பின்தங்கினோம்? நீண்ட ஏற்றத்திலா? வளைவு முடிந்ததும் எல்லோரும் எழுந்து மிதிக்கும் அந்தப் பத்து விநாடியிலா? இல்லை, பக்கத்தில் தோள் உரசும் நெருக்கத்துக்குப் பயந்து நாமே பின்னால் போய்விட்டோமா? இந்த மூன்றுக்கும் மருந்து வெவ்வேறு.

நெருக்கத்துக்குப் பயப்படுகிறவருக்கு ரோலர். மூன்று உருளைகள், ஒரு பெல்ட், அவ்வளவுதான். சைக்கிளை எதுவும் பிடித்திருக்காது, நம் சமநிலைதான் அதை நிமிர்த்தி வைத்திருக்கும். மிதியில் எங்கே வெட்டு விழுகிறதோ, கை எங்கே இறுகுகிறதோ, அது உடனே முன்சக்கரத்தின் ஆட்டத்தில் தெரிந்துவிடும். முதல் வாரம் கதவு நிலைக்கு நடுவே வைத்து ஓட்டுங்கள், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ள இடம் இருக்கும். தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்து, நேராக ஓடிக்கொண்டே திரும்ப வைக்க வந்துவிட்டால், பந்தயக் கூட்டத்தில் தோள் தானாகத் தளரும். ஆனால் சாதாரண ரோலரில் எதிர்ப்பு குறைவு. கடுமையும் தளர்வும் மாறிமாறி வரும் இன்டர்வெல் பயிற்சிக்கோ எழுந்து பாய்வதற்கோ அது சரிப்படாது.

வீல்-ஆன் டிரெய்னரைப் பலரும் ஏளனமாகப் பேசுகிறார்கள், அது நியாயமில்லை. அதன் குறை எனக்கும் தெரியும். டயரில் காற்று எவ்வளவு, உருளை எவ்வளவு அழுத்துகிறது, டயர் எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து, நம் மிதியின் திறனைக் காட்டும் வாட் கணக்கு மாறும். அதனால் 10 நிமிடம் ஓட்டிச் சூடாக்கிய பிறகுதான் அளவைச் சரிபார்க்க வேண்டும். திடீரென்று அழுத்தினால் டயர் வழுக்கும். சாலை டயர் சீக்கிரம் தேயும், ஆகவே டிரெய்னருக்கென்று வரும் கெட்டியான டயர் ஒன்று தேவை. இதெல்லாம் தொல்லைதான்.

துல்லியம் ஏன் முக்கியம் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். எஃப்.டி.பி. என்பது ஏறக்குறைய ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக்கூடிய சராசரி வாட். உங்களுடையது 250 என்று வையுங்கள். ஸ்வீட் ஸ்பாட் பயிற்சி அதில் 88 முதல் 94 சதவீதம், அதாவது 220 முதல் 235 வாட் வரை. அந்தப் பட்டையின் அகலமே 15 வாட். கருவி 5 சதவீதம் பிசகினால் 12 வாட் போச்சு, பட்டை முழுவதும் கிட்டத்தட்ட அந்தப் பிழையிலேயே மூழ்கிவிடும். நல்ல டைரக்ட் டிரைவ் கருவிகள் 1 அல்லது 2 சதவீதத்துக்குள் நிற்கும். ஆனால் உங்கள் பெடலிலோ, அதைத் தாங்கும் கிராங்கிலோ ஏற்கெனவே வாட்டை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால், அதன் எண்ணைப் பார்த்து மிதியுங்கள். டிரெய்னர் என்ன சொன்னால் என்ன? பவர் மீட்டர் வைத்திருப்பவருக்கு எளிய வீல்-ஆன் போதும் என்பேன். அந்தப் பவர் மீட்டர் சாலைக்கும் கூடவே வரும்.

சரி, டைரக்ட் டிரைவ். வழுக்கல் இல்லை, டயர் தேய்வதில்லை, சத்தம் குறைவு. உள்ளே ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் சுற்றுவதால் மிதி சாலையில் போவதுபோல் உருளும். நீண்ட ஏற்றத்தில் பின்தங்குகிறவருக்கு இதைவிட நல்ல கருவி கிடையாது. எர்க் மோடில் 230 வாட் என்று வைத்துவிட்டால் கருவி அதிலேயே பிடித்து நிறுத்தும். மெதுவாக மிதித்தால் எதிர்ப்பு கூடும், வேகமாக மிதித்தால் குறையும். களைத்துப்போய் நிமிடத்துக்கு 90 சுற்றிலிருந்து 60க்கு இறங்கினால், அதே வாட்டுக்கு ஒன்றரை மடங்கு விசை கொடுக்க வேண்டியிருக்கும். கால் இன்னும் மெதுவாகும், எதிர்ப்பு இன்னும் ஏறும், கடைசியில் மிதி அப்படியே நின்றுவிடும். களைப்பு வரும்போது சுற்றைக் கூட்ட வேண்டும் என்பதை ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு குளிர்காலம் முழுக்க எர்க் மோடிலேயே ஓட்டினேன். எஃப்.டி.பி. நன்றாகவே ஏறியது. முதல் பந்தயத்தில் ஏற்றங்களில் முன்னால் இருந்தேன். தட்டையான, வளைவு நிறைந்த பகுதி வந்ததும் பிடி விட்டுப்போனது. ஒவ்வொரு வளைவுக்குப் பிறகும் திடீர்ப் பாய்ச்சல், உடனே தளர்வு, மறுபடி பாய்ச்சல். என் கால்களுக்குச் சீரான வாட் மட்டுமே தெரிந்திருந்தது. எர்க் மோடு புதிய எதிர்ப்புக்கு மாறவே சில விநாடி எடுத்துக்கொள்ளும், ஆகவே குறுகிய பாய்ச்சலை அதில் பழக முடியாது. அதற்கு எர்க்கை அணைத்துவிட்டு, கியரை மாற்றி நாமேதான் மிதிக்க வேண்டும்.

வளைவில் விடுபடுகிறவர்களுக்கு நான் சொல்வது 30/15 பயிற்சி. நார்வே ஆய்வாளர் பென்ட் ரொன்னெஸ்டாட் இதை ஆராய்ந்து பரவலாக்கினார். 30 விநாடி கடுமை, 15 விநாடி தளர்வு, இப்படி 13 முறை. இது ஒரு சுற்று, பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. இடையில் 3 நிமிடம் இளைப்பாறி மூன்று சுற்று. வீல்-ஆனிலும் முடியும், டைரக்ட் டிரைவிலும் முடியும். ரோலர் பக்கம் போகாதீர்கள்.

80:20 பற்றியும் கேட்பார்கள். உயர்மட்ட வீரர்களின் பயிற்சியில் ஏறக்குறைய 80 சதவீத அமர்வுகள் நிதானமாகவும் மிச்சம் கடுமையாகவும் இருப்பதை ஸ்டீஃபன் செய்லர் எடுத்துக்காட்டினார். அவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுகிறவர்கள் என்பதையும் பாருங்கள். வேலைக்குப் போய்வந்து வாரம் 5, 6 மணி நேரமே கிடைக்கிறவருக்கு ஸ்வீட் ஸ்பாட்தான் அந்த நேரத்துக்கு அதிகம் திருப்பித் தரும் என்பது என் அனுபவம்.

ஸ்விஃப்ட், மைவூஷ் போன்ற செயலிகளில் நடக்கும் பந்தயங்கள் பாய்ச்சலுக்கு நல்ல பழக்கம், ஆரம்பமே நெருப்பாக இருக்கும். ஆனால் அங்கே வளைவுக்கு முன் பிரேக் பிடிக்க வேண்டியதில்லை, வளைவில் சாய வேண்டியதில்லை. 2016 பிப்ரவரியில் ஆஸ்திரேலியத் தொழில்முறை வீரர் மேத்யூ ஹேமன் பந்தயத்தில் விழுந்து கையை முறித்துக்கொண்டார். கட்டுப்போட்ட கையை ஏணியில் தாங்கி வைத்துக்கொண்டு உள்ளேயே மிதித்தார். ஏப்ரலில், கற்சாலைகளுக்குப் பேர்போன பாரிஸ்-ரூபே பந்தயத்தை வென்றார். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும். கூடவே ஒன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: அந்தக் கற்சாலைகளில் அவர் அதற்கு முன் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகியவர். அறைக்குள் அவர் காப்பாற்றிக்கொண்டது கால்களை.

எதை வாங்கினாலும் முதலில் ஒரு பெரிய மின்விசிறி. உடல் செலவழிக்கும் ஆற்றலில் நாலில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் மிதிக்குப் போகிறது. 200 வாட் மிதிக்கும்போது 600 முதல் 800 வாட் வரை வெப்பமாக வெளியேற வேண்டும், உள்ளே எதிர்க்காற்று கிடையாது. விசிறி இல்லாமல் இதயத்துடிப்பு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்து, உடற்தகுதி குறைந்துவிட்டது என்று பலர் தப்பாக முடிவு கட்டுகிறார்கள். வியர்வையின் உப்பு ஹேண்டில்பார் டேப்புக்கு அடியில் இறங்கி அரிக்கும், ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட்டையும் விடாது. துண்டு போட்டு மூடி வையுங்கள். அப்புறம், கோடையில் வெளியே எடுத்த எஃப்.டி.பி. எண்ணை அப்படியே உள்ளே கொண்டுவராதீர்கள். டிரெய்னரிலேயே 20 நிமிடச் சோதனை செய்து, அந்தச் சராசரியில் 95 சதவீதத்தை எடுங்கள். படிப்படியாக ஏறும் ராம்ப் சோதனை சுலபம்தான், ஆனால் பாய்ச்சலில் வலுவானவர்களுக்கு அது எண்ணைக் கூட்டிக் காட்டிவிடும்.

இந்தக் குளிர்காலத்துக்கு டைரக்ட் டிரைவை விட்டுவிட்டு, பழைய வீல்-ஆனையும் பெடல் பவர் மீட்டரையும் எடுத்திருக்கிறேன். செவ்வாய் 30/15, வியாழன் 15 நிமிட ஸ்வீட் ஸ்பாட் மூன்று, சனிக்கிழமை நிதானமாக இரண்டு மணி நேரம், ஞாயிறு ரோலரில் 40 நிமிடம். மூன்று வாரம் பயிற்சிச் சுமையை ஏற்றி, நான்காவது வாரம் குறைப்பேன். முதல் பந்தயத்துக்கு 6 வாரம் இருக்கும்போது செவ்வாய்ப் பயிற்சி வெளியே போகும். வண்டி நடமாட்டம் இல்லாத ஒரு வளைவைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதிலிருந்து வெளிவந்ததும் எழுந்து 10 விநாடி முழு மிதி, திரும்பி வந்து மறுபடியும் அதே வளைவு.