நீலகிரிக்குச் சைக்கிளில் ஏற: குன்னூர் சாலையா, கோத்தகிரி சாலையா?

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் விடிகாலையில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு ஊர்ச் சாலைகள் பழகிப்போன பிறகு வருகிற ஆசை ஒன்றுதான்: ஒரு தடவையாவது நீலகிரி ஏறிவிட வேண்டும். மேட்டுப்பாளையத்தில் இருந்து அதற்கு இரண்டு சாலைகள். ஒன்று கல்லாறு, பர்லியார், காட்டேரி வழியாகக் குன்னூருக்கு. இன்னொன்று வனக்கல்லூரி, குஞ்சப்பனை, அரவேனு வழியாகக் கோத்தகிரிக்கு. இரண்டிலும் ஏறியிருக்கிறேன். முதல் தடவை ஏறுகிற ஒருவர் என்னைக் கேட்டால், யோசிக்காமல் கோத்தகிரி என்றுதான் சொல்வேன். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாருக்காக எழுதுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை நாற்பது ஐம்பது கிலோமீட்டர், நாற்பதைத் தாண்டிய வயது, கியர் வைத்த ஹைப்ரிட் சைக்கிள். நான் அப்படிப்பட்டவன். பந்தயத்துக்குப் பயிற்சி எடுப்பவர்களுக்கு வேறு கணக்கு.

எண்களை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்தில் இருந்து சுமார் 325 மீட்டர். குன்னூர் சுமார் 1850 மீட்டர். கோத்தகிரியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். தூரமும் அப்படியே, எந்தப் பக்கம் போனாலும் 33, 34 கிலோமீட்டர். முதல் சில கிலோமீட்டர் பாக்குத் தோப்பும் சமதரையுமாகப் போய்விடும். மீதி 26, 27 கிலோமீட்டரில் 1400 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். சராசரியாக நூறு மீட்டருக்கு ஐந்து, ஐந்தரை மீட்டர் ஏற்றம். என்னைப் போன்றவர்களின் வேகம் அதில் மணிக்கு 7, 8 கிலோமீட்டர். அதாவது மூன்று மணி நேரத்துக்கு மேல், நிற்கிற நேரத்தையும் சேர்த்தால் நாலு. மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்புகிற மலை ரயிலும் குன்னூர் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. ஆகவே அவசரப்பட ஒன்றுமில்லை.

கியர் விஷயத்தில் இரண்டு சாலைக்கும் ஒரே பதில்தான். முன்னால் உள்ள பற்சக்கரத்தில் 34 பல், பின்னால் உள்ளதில் 28 பல் இருந்தால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதிப்பதற்கே வண்டி 9 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். ஐந்தரை சதவீத ஏற்றத்தில் மூன்று மணி நேரம் அந்த வேகத்தைத் தாங்குவது சாதாரண ஆளுக்குக் கஷ்டம். பின்னால் 34 போட்டால் அதே மிதிக்கு ஏழரை கிலோமீட்டர் போதும், முட்டி பிழைக்கும். கேசட் (பின்சக்கரத்துப் பற்சக்கர அடுக்கு) மாற்ற ஆகிற செலவை இதில் பார்க்காதீர்கள். கடைக்காரரிடம் உங்கள் டிரெய்லியர் (சங்கிலியைப் பல்லுக்குப் பல் மாற்றுகிற பாகம்) அந்தப் பெரிய பற்சக்கரத்தைத் தாங்குமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய. கொல்லிமலை 70, வால்பாறை 40, திம்பம் 27, ஏற்காடு 20, குன்னூர் 14 என்று நம் பக்கத்தில் மலையையே அந்தக் கணக்கில்தான் பேசுவார்கள். மிதிக்கிறவருக்கு அந்த எண் அவ்வளவாக உதவாது. நாம் இடது ஓரமாகப் போகிறோம். ஏறும்போது வளைவு வலப்பக்கம் திரும்பினால் நமக்கு வெளிவட்டம் கிடைக்கும். அங்கே தூரம் கூடுதல், ஏற்றம் குறைவு, மூச்சு வாங்கிக்கொள்ளலாம். இடப்பக்கம் திரும்பினால் உள்வட்டம். சில அடி தூரத்துக்குச் சுவர் மாதிரி நிமிரும், முன்கூட்டியே கியரை இறக்கிவிட வேண்டும். இது தெரிந்தால் போதும். கோத்தகிரி சாலையில் இந்த வளைவுகள் குறைவு. அது மலைச்சரிவை ஒட்டிச் சீராக ஏறிக்கொண்டே போகும். சீரான ஏற்றம் சிலருக்குச் சலிப்பாக இருக்கும். எனக்குப் பிடிக்கும், ஒரு கியரில் உட்கார்ந்துவிட்டால் அதே தாளத்தில் ரொம்ப தூரம் போகலாம்.

இதெல்லாம் துணைக் காரணங்கள்தான். என்னைக் கோத்தகிரி பக்கம் நிறுத்தியது பின்னால் வருகிற வண்டிகள்.

குன்னூர் சாலை தேசிய நெடுஞ்சாலை. ஊட்டிக்குப் போகிற சுற்றுலா வண்டி, அரசுப் பேருந்து, சரக்கு லாரி எல்லாம் பெரும்பாலும் அதில்தான் ஏறும். இதில் காரை விட லாரியைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். கார் நம்மைச் சட்டென்று கடந்துபோய்விடும். சுமை ஏற்றிய லாரி ஏற்றத்தில் 17, 18 கிலோமீட்டர் வேகத்தில் உறுமிக்கொண்டு வரும். நாம் 8. வித்தியாசம் 10 கிலோமீட்டர்தான், அதாவது விநாடிக்கு மூன்று மீட்டர்கூட இல்லை. பத்து மீட்டர் நீள லாரி, நமக்குப் பின்னால் பத்து மீட்டரில் விலகி, முன்னால் பத்து மீட்டரில் மறுபடி ஓரம் சேர்வதானால் 30 மீட்டரை அந்த வேகத்தில் ஈடுகட்ட வேண்டும். பத்து விநாடிக்கு மேல் ஆகும். எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வண்டி இறங்கி வந்தால் அதே பத்து விநாடியில் அது 80, 90 மீட்டர் வந்துவிடும். மலைச்சாலையில் எத்தனை இடத்தில் அவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரியும்? பாதி வழியில் எதிர் வண்டியைப் பார்த்த ஓட்டுநர் என்ன செய்வார்? இடது பக்கம் ஒடிப்பார். அங்கே நாம் இருக்கிறோம், நமக்கு இடப்பக்கம் கல் தடுப்போ பள்ளமோ இருக்கிறது.

ஓட்டுநர்களைக் குறை சொல்லவில்லை. மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களில் பலர் நல்ல அனுபவசாலிகள், வளைவுக்கு வளைவு ஹாரன் கொடுத்து, சைக்கிள்காரருக்கு இடம் விட்டுத்தான் போகிறார்கள். சிக்கல் சாலையின் அகலத்திலும் வேக வித்தியாசத்திலும் இருக்கிறது. நீளமான பேருந்து கொண்டை ஊசியில் திரும்பும்போது சாலை முழுவதையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழி கிடையாது. அந்த நேரத்தில் உள்வட்டத்தில் தள்ளாடிக்கொண்டிருக்கிற சைக்கிள் அவர் கண்ணில் படாமல் போக வாய்ப்பு அதிகம்.

களைப்பும் சேர்ந்துகொள்ளும். முதல் ஒரு மணி நேரம் எவரும் நேர்கோட்டில் ஓட்டுவார்கள். மூன்றாவது மணியில் கைப்பிடி அரை அடி இப்படியும் அப்படியும் ஆடும். எழுந்து நின்று மிதித்தால் இன்னும் ஆடும். பயிற்சி எடுத்தவருக்கு இந்த ஆட்டம் இல்லை, அதனால்தான் அவர்கள் "குன்னூர் ரோட்டுல என்னங்க பயம்?" என்று கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. வீட்டில் பிள்ளைகுட்டி காத்திருக்க, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மிதிக்கிற ஒருவருக்கு அந்த அரை அடி பெரிய விஷயம்.

கோத்தகிரி சாலையிலும் பேருந்து உண்டு, தேயிலை ஏற்றிய லாரி உண்டு. ஆனால் ஒரு வண்டி கடந்தபின் அடுத்தது வருகிற வரைக்கும் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியில்தான் சைக்கிள் ஓட்டுகிறோம் என்ற நினைவே வரும். பறவைச் சத்தம் கேட்கும், கீழே மேட்டுப்பாளையம் பக்கத்துச் சமவெளி விரிந்துகொண்டே போவதைப் பார்க்கலாம். குஞ்சப்பனை தாண்டினால் காற்று குளிர ஆரம்பிக்கும். அரவேனு நெருங்கும்போது இரண்டு பக்கமும் தேயிலை. அரவேனுவில் டீ குடிக்க நின்றபோது கடைக்கார அம்மா, "ஏனுங்க, மேட்டுப்பாளையத்துல இருந்து மிதிச்சேவா வர்றீங்க? உக்காருங்க, மூச்சு வாங்குங்க, டீ அப்புறம் போடறேன்" என்றார். அங்கிருந்து கோத்தகிரி பக்கம்தான், எத்தனை நேரம் உட்கார்ந்தாலும் கவலையில்லை.

சரி, குன்னூர் சாலைக்கு என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. கல்லாறில் இருந்து பர்லியார் வரை அடர்ந்த மர நிழல். கோத்தகிரி சாலையின் கீழ்ப்பகுதி வறண்ட காடு, காலை வெயில் முதுகில் ஏறும், அந்த ஒரு விஷயத்தில் குன்னூர் சாலைதான் மேல். பர்லியாரில் பழக்கடைகள் உண்டு, பருவத்தில் மங்குஸ்தான் கிடைக்கும், துரியனும் வரும். வழியில் மலை ரயில் பாதை கண்ணில் படும். கல்லாறில் இருந்து குன்னூர் வரை பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி என்ற ஏற்றத்தில் பற்சக்கரத்தைப் பிடித்து ஏறுகிற பாதை அது, 1899இல் குன்னூரை எட்டியது. அந்த ரயிலை மிதித்துக்கொண்டே பார்க்கிற சந்தோஷம் கோத்தகிரி பக்கம் கிடைக்காது. குன்னூருக்குப் போகும் வழியில் வண்டி பழுதானாலும் உதவிக்கு ஆள் சீக்கிரம் கிடைப்பார்கள்.

ஊட்டி வரைக்கும் போயே ஆக வேண்டும் என்பவருக்கும் குன்னூர்தான் கிட்டம். குன்னூரில் இருந்து அருவங்காடு வழியாக ஊட்டி 20 கிலோமீட்டருக்குள். கோத்தகிரியில் இருந்து கட்டபெட்டு வழியாக 30 கிலோமீட்டர் அளவில், அதிலும் தொட்டபெட்டா பிரிவு வரை ஏறிவிட்டு ஊட்டிக்கு இறங்க வேண்டும். அந்தக் கடைசி ஏற்றம் கால்களை நன்றாகவே சோதிக்கும். அந்தப் பகுதியில் என் அனுபவம் குறைவு, அதனால் அதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். கோத்தகிரியிலேயே தங்கி மறுநாள் ஊட்டி போவது நல்ல ஏற்பாடாகத் தோன்றுகிறது.

வரலாற்றுக்காக ஏறுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கலாம். கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் முதலில் வெட்டிய பாதை சிறுமுகையில் இருந்து கோத்தகிரி பக்கம் ஏறியதுதான், 1823இல் முடிந்தது. இன்றைய சாலை அதே தடம் கிடையாது. ஆனாலும் சமவெளிக்காரர்கள் மலைக்குப் போகப் பழகியது அந்தப் பக்கம் வழியாகத்தான்.

கோத்தகிரியைச் சொல்லும்போது எப்போது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோடை சீசனில், மலர்க்கண்காட்சி நடக்கிற மே மாதத்தில், ஒருவழிப் போக்குவரத்து வைப்பார்கள். ஏறுகிற வண்டிகள் குன்னூர் வழி, இறங்குகிறவை கோத்தகிரி வழி. அப்போது ஊட்டிக் கூட்டம் மொத்தமும் கோத்தகிரி சாலையில் நமக்கு எதிரே இறங்கி வரும். நான் சொன்ன நிம்மதி அந்த நாட்களில் கிடையாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, மண்சரிவு. 1993இல் குன்னூர் சாலையில் உள்ள மரப்பாலத்திலும், 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்கவும் நடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு சாலையில் மண் சரிந்தால் அத்தனை வண்டியும் அடுத்த சாலைக்குத் திரும்பும், அப்போது இரண்டும் ஒன்றுதான். பலாப்பழப் பருவத்தில் குஞ்சப்பனை பக்கம் யானை வரும். கல்லாறும் யானை வழித்தடம்தான். எந்தச் சாலையானாலும் வெளிச்சம் நன்றாக வந்தபின் மலை ஏறத் தொடங்குங்கள், மாலைக்குள் கீழே இறங்கிவிடுங்கள். ஜனவரி, பிப்ரவரியில் வார நாள் ஒன்றில் லீவு போட்டுப் போக முடிந்தால் அதுதான் எனக்குத் தெரிந்து உத்தமம்.

தண்ணீர் இரண்டு பாட்டில் கட்டாயம், அதுவும் மறுபடி நிரப்பக் கூடியதாக. நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, வழியில் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று கிளம்பக் கூடாது.

இறக்கத்திலும் கோத்தகிரி பக்கமே சாய்வேன். வளைவு குறைவு என்பதால் பிரேக்கை அடிக்கடி இறுக்க வேண்டியதில்லை. சக்கர விளிம்பைப் பிடிக்கிற ரிம் பிரேக் வண்டி வைத்திருப்பவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டே இறங்கினால் ரிம் சூடேறி ட்யூப் வெடிக்கும். நேரான இடத்தில் விட்டு, வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து, மறுபடி விட வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓரம் கட்டி ஆறவிடுங்கள். டிஸ்க் பிரேக்காக இருந்தாலும் கிளம்புவதற்கு முந்தின நாள் பேடைக் கழற்றி எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்.

இன்னும் தயக்கம் இருந்தால், ஏறுவதற்கு முந்தின வாரம் மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறி, இடப்பக்க ஜன்னலில் உட்கார்ந்து ஒரு நடை போய் வாருங்கள். எங்கே ஓரம் அகலம், எங்கே நிழல், எங்கே வண்டியைச் சாய்த்து நிற்கலாம் என்பதைக் குறித்துக்கொண்டால் மறுவாரம் மிதிக்கும்போது பாதி வேலை முடிந்திருக்கும்.