ஒரு பக்கத்துக்குக் கேட்ட தீம், தளம் முழுவதுக்கும்

குமுளியில் ஏலக்காய் மொத்த வணிகம் செய்யும் உறவினரின் கடைக்காக, மார்க்டவுன் கோப்புகளை (எளிய குறிகளோடு எழுதும் உரைக்கோப்புகளை) நிலையான இணையப் பக்கங்களாக மாற்றித் தரும் இலவசக் கருவி ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். தரவுத்தளம் ஏதும் தேவைப்படாததால், மழைக்காலத்தில் மலைப்பகுதியில் கைப்பேசி இணைப்பு மெலியும்போதும் புற்றடி, போடி ஏலக்காய் ஏலங்களின் விலைப்பட்டியல் தாமதமின்றித் திறக்கிறது. இதில் எனக்குக் குறையில்லை. குறையெல்லாம் தீம், அதாவது பக்கங்களின் நிறம், எழுத்துரு போன்ற தோற்றத்தைத் தீர்மானிக்கும் அமைப்பில்தான்.

கம்பம், போடி வியாபாரிகளுக்குத் தமிழ்ப் பக்கங்கள் இருந்தன. கட்டப்பனைப் பக்கத்து விவசாயிகளுக்காக மலையாளப் பக்கம் ஒன்றைச் சேர்த்து, அதன் கோப்பின் தொடக்கத்திலுள்ள அமைப்பு வரிகளில் மட்டும், மஞ்சரி எழுத்துருவும் கரும்பச்சை மெனுப் பட்டையும் கொண்ட தனித் தீம் ஒன்றைக் குறிப்பிட்டேன். தளத்தை உருவாக்கியதும் தமிழ்ப் பக்கங்கள் அனைத்திலும் பட்டை கரும்பச்சையானது. எழுத்துருவில் நேர்ந்தது இன்னும் விசித்திரம். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் 2016இல் வெளியிட்ட மஞ்சரியில் மலையாளம், லத்தீன் எழுத்துகள், எண்கள் உண்டு, தமிழ் கிடையாது. ஆகவே தமிழ் எழுத்துகளைக் கைப்பேசி தன்னிடமிருந்த வேறோர் எழுத்துருவில் காட்ட, விலை எண்கள் மட்டும் மஞ்சரியின் உருண்டை வடிவில் நின்றன. (அந்த எண்கள் அழகாகவே இருந்தன என்பது வேறு விஷயம்.)

காரணம் எளியது. கருவி ஒவ்வொரு பக்கத்தின் தீம் விதிகளையும் தொகுத்து, பொதுக் கோப்புறை ஒன்றில் ஒரே பெயருள்ள சி.எஸ்.எஸ். கோப்பாக (தோற்ற விதிகள் அடங்கிய கோப்பாக) எழுதுகிறது, எல்லாப் பக்கங்களும் அந்தக் கோப்பையே அழைப்பதால், கடைசியாக உருவான பக்கத்தின் தீமே நிலைக்கிறது. விலைப் பக்கத்தை மட்டும் மீண்டும் உருவாக்கினால் தமிழ்ப் பக்கங்கள் சீராகி, மலையாளப் பக்கம் தன் தோற்றத்தை இழக்கிறது. பிரவுசர் சேமித்து வைக்கும் பழைய நகலான கேஷ்மீது சந்தேகம் எழுவது இயல்பு; அதை அழித்தும் பயனில்லை.

பொதுக் கோப்பு வைத்ததை நான் குறை சொல்லவில்லை. ஒருமுறை இறங்கிய கோப்பு எல்லாப் பக்கங்களுக்கும் உதவுவதால்தான் தளம் விரைவாகத் திறக்கிறது. ஆனால் தீம் வேறுபடும்போது கோப்பின் பெயரும் வேறுபட வேண்டும். இயலாதெனில், ஒரு பக்கத்துக்கு மட்டுமான தீம் எதையும் ஏற்க முடியாது என்று கருவி சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை வரி ஒன்றுகூட இல்லாமல் அதை ஏற்றுக்கொண்டு, கேட்காத பக்கங்களையெல்லாம் மாற்றுவதுதான் இதன் பெருங்குறை.

தீம் குறிப்பைப் பொது அமைப்புக் கோப்பில் மட்டும் வைத்து, மலையாளப் பக்கத்துக்குரிய மொழிக் குறியீட்டை அப்பக்கத்தின் எச்.டி.எம்.எல்.லில் (பக்கம் எழுதப்படும் குறிமொழியில்) கொடுத்து, அக்குறியீடு உள்ள இடத்தில் மட்டும் செயல்படும் விதிகளைத் தனி சி.எஸ்.எஸ். கோப்பில் எழுதிய பிறகு சிக்கல் தீர்ந்தது. மலையாளப் பகுதியைத் தனித் திட்டமாக உருவாக்கி உட்கோப்புறையில் வைப்பதும் ஒரு வழிதான். ஆனால் அப்போது தேடல் பெட்டி இரு பகுதிகளையும் சேர்த்துத் தேடாது.

ஒரே தோற்றம் போதும் என்போர் இக்கருவியைத் தயங்காமல் எடுக்கலாம். பக்கத்துக்குப் பக்கம் தோற்றம் மாற வேண்டுமென்றால், சி.எஸ்.எஸ். எழுதத் தெரிந்தவர் மட்டும் எடுக்கலாம்.